சீன நோட்டில் வரைந்த நிலவறைகள்

அட்டைப்பெட்டியின் மேல் அண்ணன் கையெழுத்தில் "தூக்கிப் போடாதே" என்று எழுதியிருந்தது. அதனால்தான் அது தப்பித்தது. 2021ல் அம்மா சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்து வீட்டை விற்றுவிட்டு, பொங்கோலில் என் புளோக்குக்கு எதிரே இருக்கும் ஈரறை வீட்டுக்கு மாறினார். பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்குப் போவது எது, புது வீட்டுக்கு வருவது எது என்று முப்பது வருடத்துச் சாமான்களை இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். ஸ்டோர் ரூம் மேல்தட்டில், பொங்கல் பானைக்குப் பின்னால் இந்தப் பெட்டி இருந்தது.

உள்ளே பதினொரு 3.5 அங்குல ஃபிளாப்பிகள், நடுவில் பித்தளைப் பின் குத்திய ஒரு காகிதச் சக்கரம், நான்கு பயிற்சி நோட்டுகள். நான்கும் பள்ளியில் சீன மொழிப் பாடத்துக்கு வாங்கும் நோட்டுகள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சீனம் தெரியாது. ஆனால் சீன எழுத்து எழுதிப் பழகுவதற்கென்று பக்கம் முழுக்கச் சதுரக் கட்டம் அடித்திருக்கும் அந்த நோட்டைப் போல, கணினி விளையாட்டில் வரும் நிலவறைக்கு வரைபடம் போட வாகான தாள் வேறு கிடையாது. ஒரு சதுரம் என்றால் ஓர் அடி எடுத்துவைப்பது. சுவர் என்றால் கோட்டின் மேல் பேனாவை அழுத்த வேண்டும். கீழ்த்தள மாமா கடையில்தான் வாங்குவோம். "தமிழ்ப் பிள்ளைங்களுக்கு எதுக்குப்பா சீன நோட்டு?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "கணக்குப் போட, மாமா" என்றான் அண்ணன். பொய்யும் இல்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1993ல், அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், போனஸ் பணத்தில் ஒரு 486 கணினி வாங்கினார். எனக்கு அப்போது 13 வயது. அண்ணனின் நண்பன் ஒருவன் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' விளையாட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்தான். எஸ்எஸ்ஐ நிறுவனம் 1988ல் வெளியிட்ட கணினி ஆர்பிஜி அது, அதாவது கதைமாந்தராகவே மாறி ஆடும் விளையாட்டு. ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நாமே உருவாக்கி, ஃப்லான் என்ற பாழடைந்த நகரத்தைப் பகுதி பகுதியாக மீட்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 16க்கு 16 கட்டம். நோட்டின் ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்கும்.

அந்தக் காகிதச் சக்கரமும் இதற்கானதுதான். விளையாட்டைத் தொடங்கினால் திரையில் இரண்டு விசித்திர எழுத்துகள் வரும். சக்கரத்தின் வளையங்களைத் திருப்பி அவற்றை நேருக்கு நேர் நிறுத்தி, அங்கே தெரியும் சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் உள்ளே விடும். பிரதி எடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. எங்களிடம் இருந்ததோ போட்டோகாப்பி எடுத்து, வெட்டி, பின் குத்திய சக்கரம். அது தவறு என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. இன்று என் அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

சக்கரத்தைவிட முக்கியமானது அதோடு வந்த குறிப்பேடு. வட்டில் இடம் போதாத காலம். அதனால் கதையின் நீண்ட பகுதிகளைத் திரையில் காட்டாமல், 'குறிப்பேட்டில் இத்தனையாவது பத்தியைப் படி' என்று விளையாட்டு சொல்லும். நாம் புத்தகத்தைப் புரட்டிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிடுகிறவர்களுக்காகப் பொய்யான தகவல்களையும் அதில் கலந்து வைத்திருந்தார்கள். அண்ணன் விசைப்பலகைமேல் கைவைத்திருப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். என் ஆங்கில வாசிப்பு உருப்பட்டது அங்கேதான்.

பெட்டியைத் திறந்த அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த விளையாட்டுகளில் பாதி வட்டில் இல்லவே இல்லை. காகிதத்தில் இருந்தது, நோட்டில் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் இருந்தது. அதற்கப்புறம் நான் சேர்த்ததும், திரும்ப ஆடியதும் எல்லாம் அந்தப் பாதியை நினைத்துத்தான்.

அந்தப் பாதிக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் அம்மாவைத்தான் சொல்வேன். 1993ல் டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பெட்ரேயல் அட் கிரோண்டார்' என்ற ஆர்பிஜி வந்தது. அண்ணன் பகுதிநேர வேலை செய்த காசில் அதை அசலாகவே வாங்கினான். ஒன்பது அத்தியாயங்கள் கொண்ட கதை. அதில் வழியெங்கும் பூட்டிய பெட்டிகள் கிடக்கும். பெட்டிமேல் ஒரு விடுகதை எழுதியிருக்கும். கீழே எழுத்துச் சக்கரங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுழற்றி விடையை எழுத்துக்கூட்டினால் பெட்டி திறக்கும்.

எங்களுக்கு விடுகதை வராது. அம்மாவுக்கு வரும். மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி 1974ல் சிங்கப்பூர் வந்தவர். சின்ன வயதில் ராத்திரி பாய் விரித்துப் படுத்தால் ஆளுக்கு ஒரு விடுகதை போடாமல் தூங்கமாட்டார்களாம். 'எட்டாத ராணி, இரவில் வருவாள், பகலில் மறைவாள்' என்று எங்களுக்கும் நிலாவைச் சொல்லிக் கொடுத்தவர். அண்ணன் திரையில் இருக்கும் ஆங்கில விடுகதையை அரைகுறைத் தமிழில் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்வான். அம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்பார். முதல் இரண்டு பெட்டியிலேயே எங்கள் தவறைப் பிடித்துவிட்டார். "கை, கால், வாய்னு சொன்னா உடனே மனுசன்னு நினைக்காதீங்கடா. விடுகதையில உசிர் இல்லாததுக்குத்தான் உசிர் குடுப்பாங்க." அதற்கப்புறம் அம்மா தமிழில் ஒரு பொருளைச் சொல்வார். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல், சக்கரங்களின் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்று நாங்கள் பார்ப்போம். பெட்டி திறந்ததும் "உள்ளே என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வெங்காயத்தை எடுப்பார்.

நான்காம் அத்தியாயம்வரை போனோம். 1995ல் வன்வட்டு செத்துப்போனது. சேமித்த ஆட்டத்துக்கு வேறு பிரதி இல்லை. திரும்ப ஆரம்பிக்க மனம் வரவில்லை, அப்புறம் அண்ணனுக்குத் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி வந்துவிட்டது.

சரி, அந்தப் பதினொரு ஃபிளாப்பிகளுக்கு வருகிறேன். கிடைத்த அன்றே ஒரு யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கி, முதல் தட்டைச் செருகினேன். யாரும் இதைச் செய்யாதீர்கள். தட்டில் பூஞ்சணம் இருந்தது. நான் பார்க்கவில்லை. உள்ளே கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. டிரைவின் படிக்கும் முனையில் அந்தப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டது. அதே முனை அடுத்து நான் செருகிய நல்ல தட்டையும் வட்டமாகக் கீறிவிட்டது. இரண்டும் போயின. இரண்டாவது தட்டில் அண்ணன் 'அல்டிமா பூட்' என்று எழுதி ஒட்டியிருந்தான். 1992ல் வந்த 'அல்டிமா 7' தனக்கென்று தனியாக ஒரு நினைவக ஏற்பாடு வைத்திருந்ததால், மற்ற விளையாட்டுகளுக்கு நாங்கள் வைத்திருந்த அமைப்பில் ஓடாது. அதற்காகவே இரண்டு இரவு உட்கார்ந்து அண்ணன் தயாரித்த தொடக்கத் தட்டு அது. அவன் எழுதிய வரிகள் இப்போது எங்கேயும் இல்லை.

அப்புறம் முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். முதலில் தட்டின் உலோகக் கதவை விரலால் ஒதுக்கி, பின்பக்க நடுவட்டை மெதுவாகத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் பழுப்புத் தகட்டை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ மேகம் படர்ந்த மாதிரி மங்கலோ தெரிந்தால் டிரைவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணிக்குச்சியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் டிரைவின் முனையையும் துடைக்க வேண்டும். படிக்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே முழுத் தட்டையும் ஓர் இமேஜ் கோப்பாக எடுத்துவிடுங்கள். விளையாட்டு ஓடுகிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். சில தட்டுகள் ஒரே ஒருமுறைதான் படிக்கும்.

பழைய 5.25 அங்குலத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி டிரைவ் உதவாது. அந்தக் காலத்து டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசல் என்ற சிறிய மின்பலகை வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். தட்டில் பதிந்திருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே படித்துத் தரும் கருவி அது. சாதாரண டிரைவ் கைவிட்ட 3.5 அங்குலத் தட்டுகளையும் சிலசமயம் இதில் மீட்கலாம். மிச்சமிருந்த ஒன்பது தட்டுகளில் ஆறு முழுதாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் எங்கள் ஃப்லான் குழு அப்படியே இருந்தது. வீரர்களுக்கு மாமா, சித்தப்பா பெயர்கள். மந்திரவாதிக்கு எங்கள் பாட்டியின் பெயர். அண்ணனுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் ரொம்ப நேரம் பதில் எழுதவில்லை.

சிங்கப்பூரில் சேகரிப்பவர்களின் பெரிய எதிரி ஈரப்பதம். இங்கே ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். தினம் தினம் இந்த ஏற்ற இறக்கத்தில் அட்டைப்பெட்டி உப்பும், சுருங்கும், மூலைகளில் பசை விடும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஸ்டோர் ரூமில் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத அந்த அறைதான் வீட்டிலேயே மோசமான இடம். எங்கள் நோட்டுகளின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது அங்கேதான்.

கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் நீக்கும் அலமாரி ஒன்றை வாங்கினேன். விலை கொஞ்சம் உறுத்தியது, ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த மிக நல்ல செலவு அது. 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அதற்கும் கீழே இறக்கினால் பழைய பசையும் காகிதமும் மொரமொரவென்று ஆகிவிடும். அலமாரி வாங்க முடியாதவர்கள் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றும் போட்டு வையுங்கள். மானி முக்கியம். நிறம் மாறிய ஜெல்லை மறந்துவிட்டால் மூடிய பெட்டியே ஈரத்தைப் பிடித்துவைக்கும். கையேடுகளை மெத்தென்ற பிவிசி உறைகளில் போடாதீர்கள், நாளடைவில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும்.

எதை வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. காகிதம் முழுதாக இருக்கும் பெட்டியைத்தான் வாங்குவேன். வட்டு கெட்டிருந்தாலும் பரவாயில்லை. விளையாட்டின் கோப்புகள் வேறு வழியில் முறையாகக் கிடைக்கும். துணி வரைபடம் கிடைக்காது. 'அல்டிமா 7'ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரின்சிக் நகரில் ஒரு கொலையோடு கதை ஆரம்பிக்கிறது. அந்த நகரின் மேயர், ஊரைவிட்டு வெளியே அனுப்புவதற்கு முன் சில கேள்விகள் கேட்பார். அவற்றின் விடைகள் கையேட்டிலும் துணி வரைபடத்திலும் இருக்கின்றன. அந்த வரைபடத்தை மடியில் விரித்து, விரலால் ஊரைத் தொட்டு, எண்ணைப் படித்துச் சொல்லும்போது நாமே அந்த நாட்டுக்குள் போய்விடுகிறோம். அதே விளையாட்டில் மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டி சுடலாம். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் ஒரு மாலை முழுக்க ரொட்டிதான் சுட்டேன்.

தேடும் இடங்கள் குறைந்துவிட்டன. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அங்கே தரையில் விரித்த துணிமேல் விளையாட்டுப் பெட்டிகள் கிடந்த காலத்தில் நான் சேகரிக்க ஆரம்பிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. இப்போது பெரும்பாலும் கரோசல் செயலியில் தேடுகிறேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளிலும் எப்போதாவது ஒரு கையேடு தனியாக அகப்படும். விளையாட்டின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, 'பழைய கணினிப் பெட்டி', 'வீடு மாறுகிறோம்' என்கிற மாதிரி விளம்பரங்களைப் படம் படமாகப் பார்ப்பதில் எனக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அப்பாவின் பொருள்களை விற்கும் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாது.

எண்ணிப் பார்த்து வாங்குங்கள். 1998ல் வந்த 'பால்டர்ஸ் கேட்' ஐந்து சிடி. அடுத்த வருடம் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' நான்கு சிடி. ஒருவரிடம் 'பால்டர்ஸ் கேட்' பெட்டி ஒன்றை 45 வெள்ளிக்கு வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால் மூன்றாவது சிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அச்சுப்பொறியின் சிடி இருந்தது. அவர் வேண்டுமென்று செய்ததாக நினைக்கவில்லை, அவரும் திறந்து பார்க்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு சிடியின் இரு பக்கப் படத்தையும் கேட்டுவிட்டுத்தான் வாங்கப் போக எம்ஆர்டி ரயில் ஏறுகிறேன். இரு பக்கமும் ஏன் என்றால், பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் கீறலைப் பல நேரம் தேய்த்துச் சரிசெய்யலாம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் விழும் கீறலைச் சரிசெய்யவே முடியாது. தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசித்துளைகளாகத் தெரியும் சிடியை வாங்கவே வாங்காதீர்கள்.

நல்ல சிடியும் இன்றைய கணினியில் ஓடாமல் போகலாம். 2000ஐ ஒட்டிய வருடங்களில் வந்த பல விளையாட்டுகள் சேஃப்டிஸ்க் என்ற பிரதித் தடுப்பை நம்பியிருந்தன. 2015ல் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணத்துக்காக அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. சிடியில் தவறு என்று நினைத்து ஒரு வார இறுதி முழுக்கத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இந்த மாதிரி விளையாட்டை ஜிஓஜி தளத்தில் வாங்கிவிடுங்கள். 2008லிருந்து பூட்டில்லாத பிரதிகளாகப் பழைய விளையாட்டுகளை அங்கே விற்கிறார்கள், கையேட்டையும் பெரும்பாலும் சேர்த்தே தருகிறார்கள். 1985ல் வந்த 'அல்டிமா 4' அங்கே இலவசம். இறுதியில் வீழ்த்துவதற்கு ஒரு வில்லனே இல்லாமல், நேர்மை, கருணை, பணிவு என்று எட்டுப் பண்புகளை வளர்ப்பதையே குறிக்கோளாக வைத்த விளையாட்டு. மூலிகை விற்கும் பார்வையற்ற வியாபாரியிடம் எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது. விளையாட்டுக்குத் தெரியும். பழைய ஆர்பிஜி ஒன்றைத் தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள் செலவில்லாமல் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகளை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். இதில் இரண்டு விஷயங்களை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். முதலாவது படத்தின் உயரம். அந்தக் காலப் படங்கள் 320க்கு 200 புள்ளிகள், ஆனால் 4:3 திரையை நிரப்பிக் காட்டப்பட்டவை. இன்றைய திரையில் அப்படியே போட்டால் முகங்கள் எல்லாம் அமுங்கிப்போய் அகலமாகத் தெரியும். அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் போதும். இரண்டாவது வேகம். பழைய விளையாட்டுகள் சில கணினியின் வேகத்துக்கே ஓடக்கூடியவை, நாம் ஒரு விசையைத் தொடுவதற்குள் சண்டை முடிந்திருக்கும். கன்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் மெதுவாகும், எஃப்12 அழுத்தினால் வேகமாகும். நடக்கும் வேகம் உங்கள் ஞாபகத்தில் இருக்கும் வேகத்தோடு பொருந்தும்வரை மாற்றிப் பாருங்கள்.

ஒலி அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். 220, 7, 1 என்ற மூன்று எண்களைக் கொடுங்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அப்பா ஞாபகம் வரும். சிம் வோங் ஹூ 1981ல் இங்கே தொடங்கிய க்ரியேட்டிவ் நிறுவனத்தின் ஒலி அட்டை அது. 1989ல் வெளிவந்து, உலகம் முழுக்கக் கணினி விளையாட்டுகள் பேசிய ஒலியாகவே ஆனது. எங்கள் 486ல் அதைப் பொருத்திய அன்று, விளையாட்டின் மேல் எந்த ஆர்வமும் இல்லாத அப்பா வந்து நின்று கேட்டார். "இது நம்ம ஊர்ல செஞ்சதுடா" என்றார். அமெரிக்காவில் எழுதிய விளையாட்டு, சிங்கப்பூர் அட்டையை 'இருக்கிறதா' என்று தேடுகிறதே என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கும் டாஸ்பாக்ஸ் நாம் எதையும் மாற்றாவிட்டால் விளையாட்டுகளிடம் தன்னை சவுண்ட் பிளாஸ்டர் 16 என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

இனி திரும்ப ஆடுவது. சேர்ப்பதைவிட இது கடினம் என்பது என் அனுபவம். எல்லாக் கேள்விக்கும் விடை கைப்பேசியில் இருக்கிறது. முதல் வருடம் நான் மூன்று விளையாட்டுகளை வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்தே முடித்தேன். இன்று அவற்றில் ஒரு காட்சிகூட நினைவில் இல்லை. சீன நோட்டில் இருக்கும் ஃப்லானின் சேரிப்பகுதியோ கண்ணை மூடினால் தெரிகிறது. அதனால் மறுபடி நோட்டு வாங்கினேன், அதே கட்டம் போட்டது. தானாக வரைபடம் போடும் விளையாட்டுகளில்கூட ஊர்ப்பெயர், யார் என்ன சொன்னார், எந்தக் கதவு திறக்கவில்லை என்று கையால் எழுதுகிறேன். எனக்கு மகள் தூங்கியபின் இரவில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு வரி: 'இப்போது எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய நினைத்தேன்.' பத்து நாள் கழித்துத் திறந்தாலும் அந்த வரி கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. வேலையும் குடும்பமும் இருப்பவர்கள் பாதியில் கைவிடுவது பெரும்பாலும் விளையாட்டு சலித்து அல்ல, எங்கே விட்டோம் என்று தெரியாமல்தான்.

தொடங்குவதற்குச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். 1997ல் வந்த 'ஃபால்அவுட்' நல்லது. நிலத்தடி நகரம் ஒன்றின் தண்ணீர்ச் சில்லு கெட்டுப்போகிறது, 150 நாளுக்குள் வேறொன்று கொண்டுவர வேண்டும். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் சுவரொட்டிகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்தக் கவலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஆடியதை ஆடுகிறீர்கள் என்றால், ஆளை மாற்றுங்கள். தேசிய சேவையில் இருந்தபோது, வார இறுதிகளில் வீட்டுக்கு வரும் நேரத்தில், 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'டைப் பலசாலியான வீரனாக ஆடினேன். பிணவறையில் கண்விழிக்கும், பெயர் மறந்த, சாக முடியாத ஒரு மனிதனின் கதை. எனக்கு அது வெறும் சண்டையும் ஓயாத பேச்சுமாகத் தெரிந்தது. பாதியில் விட்டுவிட்டேன். போன வருடம் அதே கதையை அறிவும் விவேகமும் அதிகம் உள்ளவனாக ஆடினேன். அப்போது வராத பேச்சுகள் வந்தன, அவனது பழைய பிறவிகளின் நினைவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்பு அவன் யாருக்கெல்லாம் என்ன கொடுமை செய்தான் என்று தெரியத் தெரிய, சண்டை போட மனமே வரவில்லை. ஊழ்வினை என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டவனுக்கு அந்தக் கதை ஏன் இருபது வயதில் எட்டவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. கையில் இருந்த விளையாட்டு அதேதான்.

அண்ணன் இப்போது பெர்த்தில் இருக்கிறான். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம் என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இந்த வருடம் தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் அங்கேயும் நான் இங்கேயுமாக 'பெட்ரேயல் அட் கிரோண்டா'ரை முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தோம். லாக்லியர், கோரத், ஓவின் என்று அதே மூன்று பேர் அதே காட்டுவழியில். வாட்ஸ்அப்பில் குரல் ஓடும், நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து மாற்றிக்கொள்வோம். வழிகாட்டி பார்ப்பதில்லை என்று பேச்சு. சேமித்த ஆட்டத்தை மூன்று இடத்தில் பிரதி எடுக்கிறேன், 1995 ஒருமுறை போதும்.

பெட்டிகளுக்கான விடுகதைகளை நான் தமிழில் எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அதனால் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எத்தனை எழுத்து என்று கீழே கட்டம் போட்டு, எதிர் புளோக்குக்குக் கொண்டுபோய் அவர் குளிர்பதனப் பெட்டிமேல் காந்தத்தில் மாட்டிவிட்டு வருவேன். கடைசியாக மாட்டிய தாளுக்கு மூன்றாம் நாள் விடிகாலை 5.40க்குக் குரல்பதிவு வந்தது. "தம்பி, அது தறியா இருக்கணும். யோசிச்சுப் பாரு, எல்லாம் பொருந்துது." ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தேன். நான்கு எழுத்து வருகிறது. பெட்டியில் இருப்பவை ஐந்து சக்கரங்கள்.

மாலையில் போய்ச் சொன்னேன். அம்மா தாளைக் கையில் எடுத்து மறுபடி படித்தார்.

"அப்ப இரு, இன்னும் யோசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் விடையைப் பாத்துடாதீங்க."

தாள் திரும்பவும் காந்தத்தின் கீழே போயிற்று. நோட்டில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டு வைத்திருக்கிறேன்.